சளிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்கும் போகுமா?

நவம்பர் 12, 2024, இரவு 9.40

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது: "பையனுக்கு ஆறு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. இன்று காலையில் இடது கண் சிவந்து, பீளை கட்டி, இமை ஒட்டிக்கொண்டது. சளிக் கிருமிதான் கண்ணுக்கு ஏறிவிட்டது என்கிறார் மருந்துக்கடைக்காரர். சளி நெஞ்சுக்கு இறங்கும், காதுக்குப் போகும், தெரியும். கண்ணுக்குமா? பையனைப் பார்த்தாலே எல்லோருக்கும் ஒட்டும் என்று என் மாமியார் அவனைத் தனி அறையில் படுக்க வைத்திருக்கிறார்."

போகும் தம்பி. நான் டாக்டர் இல்லை. திருப்பாப்புலியூரில் கண்ணாடிக் கடையில் பல வருடமாகப் பவர் பார்ப்பவன். சிவந்த கண்ணோடு தினமும் யாராவது வந்து எதிரில் உட்காருவதால், இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது அடினோ வைரஸை. 1953-ல் குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். சளி, இருமல், நிமோனியா எல்லாம் தரும் சுவாச வைரஸ்தான். ஆனால் இதன் 3, 4, 7-ஆம் வகைகள் தொண்டையையும் கண்ணையும் சேர்த்தே பிடிக்கும். 8, 37-ஆம் வகைகள் கண்ணையே குறிவைத்து வரும். கண்ணின் வெண்படலத்துச் செல்லுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அந்தச் செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். "கிருமி கண்ணில் தொற்றுமா" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான 'ஆமாம்' கிடையாது.

நவம்பர் 12, இரவு 10.15

மாமியார் சொன்னதை விட்டுவிட்டேன். பார்த்தால் ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி போடுவது வெளிச்சம் கூசாமல் இருக்கத்தான், அடுத்தவரைக் காப்பாற்ற அல்ல. ஒட்டுவது கை, துண்டு, தலையணை உறை வழியாக. அதனால் பையனைத் தனியாகப் படுக்க வைத்தது தப்பில்லை, காரணம்தான் வேறு. துண்டைத் தனியாக வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பையனோடு பேசலாம், அவன் முகத்தைப் பார்க்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து கதையும் சொல்லலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்ட மறுநாளே சிவப்பு குறையும், அதனால் எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் அது அக்கி வகை ஹெர்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்காமல் ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். இதை மட்டும் எல்லோரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

நவம்பர் 14, காலை

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர்: "கொரோனாவும் கண்ணில் தொற்றும் என்று அப்போதே நிரூபித்துவிட்டார்களே, அதை ஏன் சொல்லவில்லை?"

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அது அடினோ மாதிரி நேரான கதை இல்லை.

2020 ஜனவரியில் பெய்ஜிங்கிலிருந்து ஊகானுக்குப் போய்வந்த நுரையீரல் மருத்துவர் வாங் குவாங்ஃபா, என்-95 முகக்கவசம் போட்டிருந்தும் தனக்குத் தொற்றியது, முதலில் இடது கண்தான் சிவந்தது, காய்ச்சல் பிறகுதான் வந்தது என்று சொன்னார். முதலிலேயே எச்சரிக்கை கொடுத்து, பிப்ரவரி 7 அன்று இறந்துபோன லி வென்லியாங் ஒரு கண் மருத்துவர். கிளாக்கோமா நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றியதாக அவரே நம்பினார். இரண்டையும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிரில் உட்காருபவரின் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது, என் வேலை அப்படி.

அப்புறம் ஆய்வுகள் வந்தன. சீனாவில் 38 நோயாளிகளைப் பார்த்ததில் 12 பேருக்குக் கண் தொந்தரவு. ஆனால் கண்ணிலிருந்து பஞ்சால் எடுத்த மாதிரியில் வைரஸ் தெரிந்தது 2 பேருக்குத்தான். ரோமில் ஸ்பல்லன்சானி மருத்துவமனையில் 65 வயதுப் பெண் ஒருவரின் கண் மாதிரியை ஆய்வகத்தில் வைத்தபோது வைரஸ் வளரவே செய்தது. மூன்று வாரம் கழித்தும் அவர் கண்ணில் அதன் மரபுப்பொருள் இருந்தது.

கண்ணீரில் வைரஸ் இருப்பது ஒன்று, கண்ணில் அது தொற்றியிருப்பது வேறொன்று. திண்ணையில் உட்கார்ந்து போகிறவன் எல்லாம் அந்த வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டான். நோயாளி இருமிய துளி கண்ணில் பட்டிருக்கலாம், மூக்கைத் துடைத்த கையால் கண்ணைக் கசக்கியிருக்கலாம். பஞ்சு மாதிரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதைப் பிரித்தறியத்தான் திசுக்களை வைத்துச் சோதித்தார்கள். ஹாங்காங்கில் மனித வெண்படலத் திசுவில் விட்டுப் பார்த்தபோது இந்த வைரஸ் பெருகியது, 2003-ன் சார்ஸைவிட நன்றாகவே பெருகியது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தானமாக வந்த கருவிழிகளில் விட்டுப் பார்த்தார்கள். ஹெர்பிஸ் வளர்ந்தது, ஜிகா வளர்ந்தது, கொரோனா வளரவில்லை. ஒரே கண்ணில் வெள்ளைப் பக்கம் இடம் கொடுக்கிறது, கருவிழி கொடுக்கவில்லை. நான் படித்தவரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: கொரோனா வெண்படலத்தில் தொற்ற முடியும், ஆனால் அதுவே விரும்பித் தங்கும் இடம் அதுவல்ல.

நவம்பர் 14, மதியம்

அதே லாஸ்பேட்டை நண்பர் மறுபடியும்: "தங்கினால் என்ன, தங்காவிட்டால் என்ன? கண் வழியாக உடம்புக்குள் போகுமா, அதைச் சொல்லுங்கள்."

நல்ல கேள்வி. எனக்கும் இதுதான் முக்கியமான கேள்வி என்று படுகிறது.

கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்க ஓரத்தில், இமையின் விளிம்பில், ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேலிமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அதற்குள் இறங்கி, பை வழியாக, குழாய் வழியாக மூக்குக்குள் போய்ச் சேருகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். சொட்டு மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் அதனால்தான். மருந்து போகிற வழியில் வைரஸும் போகும். கண்ணில் ஒரு செல்லைக்கூடத் தொடாமல், நேராக மூக்குக்குப் போய் அங்கே வேலையை ஆரம்பிக்கும்.

இது புதிதாகத் தெரிந்ததும் இல்லை. 1919-லேயே மேக்ஸி என்ற அமெரிக்க மருத்துவர் ஆட்களுக்கு வாயையும் மூக்கையும் மூடிவிட்டு, எளிதில் அடையாளம் காணக்கூடிய பாக்டீரியாவை முகத்தில் தெளித்தார். அது மூக்குக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ காலத்து முகக்கவசம் மூடாமல் விட்ட இடம் எது என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை.

நவம்பர் 15

நேற்று வழியைச் சொன்னேன், அந்த வழியில் உண்மையில் நோய் வருகிறதா என்பதைச் சொல்லவில்லை. இரவு படுத்தபிறகுதான் அது உறைத்தது.

வருகிறது. 1973-ல் வெர்ஜீனியாவில் சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸை விரலில் எடுத்து, தாமாக முன்வந்தவர்களின் கண்ணிலும் மூக்கிலும் தொட வைத்தார்கள். ஜலதோஷம் வந்தது. 1981-ல் ஆர்.எஸ்.வி. வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். இது கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு தரும் வைரஸ். மூக்கில் விட்டாலும் கண்ணில் விட்டாலும் தொற்றியது, வாயில் விட்டால்தான் அவ்வளவாக இல்லை. வாயைவிடக் கண் சுலபமான வழி என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அதன் பிறகு குழந்தைகள் வார்டில் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி போட்டுக்கொண்ட ஊழியர்களுக்கு ஆர்.எஸ்.வி. குறைந்தது. 2011-ல் ஃப்ளூ தடுப்பு மருந்தாகத் தரும் பலவீனமான உயிர் வைரஸைக் காற்றில் தூவி, கண்ணை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தார்கள். மூக்கைக் கழுவிய நீரில் வைரஸ் கிடைத்தது.

அந்த வெர்ஜீனியாக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மருத்துவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, எத்தனை பேர் கண்ணைக் கசக்குகிறார்கள், மூக்கில் விரல் விடுகிறார்கள் என்று கவனித்து எழுதினார்கள். அதைப் படித்ததிலிருந்து நான் பேருந்தில் அதைத்தான் பார்க்கிறேன். கடலூரிலிருந்து பாண்டி போய்ச் சேருவதற்குள் கண்ணைத் தொடாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். கம்பியைப் பிடித்த கை, சில்லறை வாங்கிய கை, அப்புறம் கண்.

நவம்பர் 17

பாகூரில் கோழிக்கறிக் கடை வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார்: "பறவைக் காய்ச்சல் வந்தால் கண் சிவக்கும் என்கிறார்களே, தினமும் ரத்தம் முகத்தில் தெறிக்கிறது. பயப்பட வேண்டுமா அண்ணே?"

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். இதுதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2003-ல் நெதர்லாந்தில் கோழிப் பண்ணைகளில் ஹெச்7என்7 வகை ஃப்ளூ பரவியது. கோழிகளைக் கோடிக்கணக்கில் அழித்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டார் சிலர் என 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்கு வந்தது இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கண் சிவப்பு. ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் நிமோனியாவில் இறந்தார். மறுவருடம் கனடாவில் ஹெச்7என்3 வந்தபோதும் தொற்றிய இருவருக்கும் கண்ணில்தான்.

2024 ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு செய்தி. அமெரிக்காவின் டெக்சாஸில் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் தொழிலாளி ஒருவருக்கு ஹெச்5என்1. இரண்டு கண்ணிலும் ரத்தம் கட்டியதைப் போலச் சிவப்பு, வேறு தொந்தரவு இல்லை, நுரையீரல் சுத்தமாக இருந்தது. மூக்கில் எடுத்த மாதிரியைவிடக் கண்ணில் எடுத்த மாதிரியில்தான் வைரஸ் அதிகம். இது முன்பு சொன்ன திண்ணை ஆள் கதை இல்லை. மூக்கில் இருந்து வந்தது என்றால் மூக்கில்தானே அதிகம் இருக்க வேண்டும்?

காரணம் செல்லின் மேல்புறத்தில் இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் ஒட்டிக்கொள்வது செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில். அது கடைசி இணைப்பில் இரண்டு விதம். மனிதர்களின் மூக்கிலும் மூச்சுக்குழலின் மேல்பகுதியிலும் ஒரு விதம் அதிகம், மனித ஃப்ளூ அதைத் தேடும். பறவைகளின் குடலில் இன்னொரு விதம், பறவை ஃப்ளூ அதைத் தேடும். மனித உடம்பில் அந்தப் பறவை வகைச் சர்க்கரை தாராளமாக இருக்கும் இடங்களில் ஒன்று கண்ணின் வெண்படலம். மூக்கில் பிடிப்பு கிடைக்காத பறவை ஃப்ளூவுக்குக் கண்ணில் கிடைக்கிறது.

பாகூர்த் தம்பி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது: நோய் இல்லாத கோழியை வெட்டுவதால் இது வராது, நன்றாக வெந்த கறியாலும் வராது. கூண்டில் கோழிகள் காரணமில்லாமல் கொத்தாகச் செத்தால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், கால்நடைத்துறைக்குச் சொல்லுங்கள். வெட்டும்போது சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ரத்தக் கையால் வியர்வையைத் துடைக்காதீர்கள், அது முடியாத காரியம் என்று தெரியும், தோளில் ஒரு துண்டாவது இருக்கட்டும்.

நவம்பர் 18

முதுநகர்த் தம்பி எழுதியிருக்கிறார். பையனின் வலது கண்ணும் சிவந்து, இப்போது இரண்டும் தெளிந்துவருகிறது. காதுக்கு முன்னால் சின்ன உருண்டை தட்டுப்பட்டதாம். அது நெறி கட்டியது. வைரஸ் கண்ணில் வந்தால் அந்த இடத்தில் அப்படிக் கட்டுவது வழக்கம், தானாகக் கரையும். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்கிறார். நீர் வடிவதும் சிவப்பும் நிற்கட்டும் தம்பி. அடினோ ஒரு வாரத்துக்கு மேலும் கண்ணிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்.

நவம்பர் 21

"அப்படியானால் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தால் போதுமே, உங்கள் கடைக்கும் வியாபாரம்" என்று மஞ்சக்குப்பத்துப் பழைய நண்பர் எழுதியிருக்கிறார். வியாபாரம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் விஷயம் அப்படி முடியவில்லை.

நம்ம சென்னையில் 2020 மே, ஜூனில் நடந்தது. வீடு வீடாகப் போய் ஆலோசனை சொன்ன 62 களப்பணியாளர்கள் முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டிருந்தும் 12 பேருக்குக் கொரோனா தொற்றியது. அதன் பிறகு முகத்தை முழுதாக மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கொடுத்தார்கள். மீதி 50 பேர் 18,228 வீடுகளுக்குப் போய்வந்தார்கள், ஒருவருக்கும் தொற்றவில்லை. உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. படித்ததும் கண்தான் வழி என்று அடித்துச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தத் தடுப்பு கண்ணை மட்டுமா மறைத்தது? முகக்கவசத்தில் துளி படுவதைத் தடுத்தது, கை முகத்துக்குப் போவதைத் தடுத்தது. இதை ஆய்வு செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். தடுப்பு போடாத இன்னொரு குழுவை அதே நாளில் வைத்து ஒப்பிடவும் இல்லை.

2022-ல் நார்வேயில் ஒப்பிட்டார்கள். 3,717 பேரில் பாதிப் பேரை வெளியே போகும்போது ஏதாவது கண்ணாடி போடச் சொன்னார்கள். கொரோனா உறுதியானது கண்ணாடி போட்டவர்களில் 3.7 சதவீதம், போடாதவர்களில் 3.5. வித்தியாசமே இல்லை. சளி, இருமல் வந்ததாக அவர்களே சொன்னதில் 30.8-க்கு 34.1, கொஞ்சம் குறைவு. ஆனால் கண்ணாடி போட்டவருக்குத் தான் போட்டிருப்பது தெரியும், அந்த நம்பிக்கையும் பதிலில் கலந்திருக்கலாம்.

நோயாளியின் முகத்துக்கு நேராக வேலை செய்கிற நர்ஸ், பல் டாக்டர், என்னைப் போன்றவர்களுக்குக் கண் மறைப்பு தேவை. கடைத்தெருவில் நடப்பவருக்கு அவ்வளவு பலன் இல்லை.

நவம்பர் 23

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் அக்கா ஒருவர், ராத்திரி நாற்றம் அடித்த மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் கண் எரிச்சல், இதுவும் வைரஸா என்கிறார்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில், இரண்டு கண்ணிலும் ஒன்றாக, எரிச்சலோடு தொடங்கி, வேறு இடத்துக்குப் போனதும் குறைந்தால் அது காற்றில் வந்த ரசாயனம். வைரஸ் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்குப் போகும், வீட்டில் ஒருவருக்கு வந்து சில நாள் கழித்து அடுத்தவருக்கு வரும். அரிப்புதான் பெரிது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். அக்கா, நாற்றம் வந்த நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மனு கொடுக்கும்போது அதுதான் கை கொடுக்கும். இந்த ஊரில் கண் சிவந்தால் கிருமியை மட்டும் சந்தேகிப்பது போதாது, அதைப் பேசாமல் இருக்கவும் என்னால் முடியாது.

டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல், அதன் பின்னால் சாத்தனூரில் திறந்துவிட்ட தண்ணீர், தென்பெண்ணை கரை மீறியது, மின்சாரம் இல்லை. எழுத முடியவில்லை.

முகாமில் இருந்துவிட்டு வந்த குடும்பங்களில் கண் சிவந்தவர்கள் கடைக்கு வருகிறார்கள். இருபது பேருக்கு இரண்டு துண்டு என்று இருந்தால் வேறு என்ன ஆகும்? இவர்களில் பலருக்குச் சளியே இல்லை. மெட்ராஸ் ஐ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் அடினோவும் உண்டு, 1969-ல் கானாவில் கிளம்பி 1971-ல் இந்தியா வந்த என்டரோ 70 மாதிரியான, கண்ணையே பிடிக்கும் வைரஸ்களும் உண்டு.

முகாமில் தொண்டு செய்யும் பிள்ளைகளுக்கு: சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ளூ, கொரோனா இரண்டுக்கும் மேலே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அடினோவுக்கும் என்டரோவுக்கும் அந்த உறை கிடையாது, உலர்ந்த பொருளின் மேல் வாரக்கணக்கில்கூடக் கிடக்கும். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவித் தள்ள வேண்டும், பொருட்களுக்கு பிளீச்சிங் கரைசல். நான் பவர் பார்க்கும் சட்டத்தின் மூக்குத் தாங்கியை முன்பெல்லாம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். இப்போது சிவந்த கண்காரர் வந்தால் அளவே எடுப்பதில்லை. தவளக்குப்பம் அரவிந்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகச் சொல்லி அனுப்புகிறேன்.

டிசம்பர் 11

இன்று வந்த ஒரு டீச்சர் சொன்னதை எழுதியே ஆக வேண்டும். செப்டம்பரில் கண் நோய் வந்து சரியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது, கரும்பலகை மங்கல், பவர் கூடிவிட்டது போலிருக்கிறது என்றார். அளந்தேன், பவர் அப்படியே இருந்தது. அடினோ கண்ணில் ஆடிய பிறகு சிலருக்குக் கருவிழியின் மேல்தோலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். வைரஸ் போயிருக்கும், அதன் துணுக்குகளோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி இன்னும் சண்டை போடுவதால் வரும் புள்ளிகள் என்பது மருத்துவர்களின் விளக்கம். மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடக்கணக்கிலும். புதுக் கண்ணாடி விற்றிருந்தால் அவருக்குக் காசுதான் நஷ்டம். எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

இப்படி ஒருவருக்கு வந்திருந்தால், ஸ்டீராய்டு சொட்டு மருந்து உண்மையாகவே தேவைப்படும் இடம் இது. டாக்டர் கையில், அளவாக.

டிசம்பர் 15

லாஸ்பேட்டை நண்பர், "எல்லாம் சரி, சுவாச வைரஸ்களில் கண்ணை அதிகம் கெடுத்தது எது?" என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாள் பேசியதில் ஒருவரும் சொல்லாத பெயர்: தட்டம்மை.

அம்மை என்றால் தோல் நோய் என்று நினைக்கிறோம். தட்டம்மை மூச்சுக்காற்றில் பரவும் வைரஸ். இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு மூன்றும் முதலில் வரும், தடிப்பு பிறகுதான். கண்ணின் வெண்படலத்தையும் கருவிழியின் மேல்தோலையும் இது தொற்றும். சாப்பாடு நன்றாக இருக்கும் குழந்தைக்குக் கண் தெளிந்துவிடும். வைட்டமின் ஏ குறைவான குழந்தைக்கு இந்தக் காய்ச்சலில் இருக்கிற கொஞ்சமும் கரைந்து, கருவிழி உலர்ந்து, இளகி, ஓட்டை விழும். ஆறினாலும் வெள்ளையாகத் தழும்பு நிற்கும்.

என் பெரியம்மா பரங்கிப்பேட்டையில் வளர்ந்தவர். வலது கண்ணில் பூ விழுந்திருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டது, வேப்பிலை வைத்தார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினார்கள், அவ்வளவுதான் அன்று தெரிந்தது. போட்டோ எடுத்தால் எப்போதும் இடது பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பி நிற்பார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

இன்று அது தேவையே இல்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அதோடு வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட் சொட்டாக வாயில். 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு லட்சம் யூனிட். எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசம். வெள்ளத்தில் தடுப்பூசி அட்டை போன வீடுகள் கடலூரில் நிறைய இருக்கின்றன. அட்டை போனாலும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். போய்க் கேளுங்கள், விட்டுப்போன ஊசியை இப்போதும் போடுவார்கள்.